ஜாவாவில் முதல் புரோகிராம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தக்கலையில் எங்கள் வீட்டு முன்னறையில் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் நாலைந்து பிள்ளைகள் லேப்டாப்போடு வந்து உட்காருவார்கள். குளச்சல், மேல்புறம், கீரிப்பாறை என்று பல பக்கமிருந்தும் வருகிறார்கள். பாதிப் பேர் +2 முடித்தவர்கள், மீதிப் பேர் கல்லூரியில் இரண்டாம் வருடம். ஒரே சந்தேகத்தை ஒரே வாரத்தில் மூன்று பேர் கேட்ட பிறகு எழுதிவைக்க ஆரம்பித்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜாவாவின் கட்டளைச் சொற்களை இங்கே காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். வகை, எடை என்று நாமே வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே அடிக்கலாம்.

பள்ளிக்கூடத்துல பைத்தான் படிச்சாச்சு. இனி ஜாவா என்னத்துக்காக்கும்?

நம் பாடத்திட்டத்தில் +1 கணினி அறிவியலில் சி பிளஸ் பிளஸ், +2வில் பைத்தான். கல்லூரிக்குப் போனதும் ஆப்ஜெக்ட் சார்ந்த நிரலாக்கம் என்ற பாடம் பெரும்பாலும் ஜாவாவில் வருகிறது. கிளாஸ், ஆப்ஜெக்ட் என்றால் என்ன என்பதற்குப் பின்னால் தனிக் கேள்வி வருகிறது. பைத்தானிலும் கிளாஸ் உண்டு. ஆனால் கிளாஸே இல்லாமல் பைத்தானில் நூறு புரோகிராம் எழுதிவிடலாம். ஜாவாவோ முதல் வரியிலேயே கிளாஸ் கேட்கிறது. ஆரம்பத்தில் அது எரிச்சலாக இருக்கும், ஆனால் ஆப்ஜெக்ட் என்ற எண்ணம் மனதில் ஊன்ற அது நல்லது என்பது என் அனுபவம்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங்கின் குழு 1991இல் தொடங்கிய வேலை இது. முதலில் ஓக் என்று பெயர் வைத்திருந்தார்கள். 1995இல் ஜாவா என்ற பெயரோடு வெளியே வந்தது. 2010இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. ஆப்ஜெக்ட் என்ற எண்ணம் இதைவிடப் பழையது: 1960களில் நார்வேயில் டாலும் நீகார்டும் உருவாக்கிய சிமுலா மொழியிலேயே கிளாஸ் இருந்தது.

ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ஒண்ணுதானே?

இல்லை. பெயரில் மட்டும்தான் உறவு. ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் எழுதிய வேறு மொழி. ஒன்றுக்கான புத்தகத்தை வாங்கி மற்றொன்றைப் படிக்க முடியாது.

என்னதெல்லாம் இன்ஸ்டால் பண்ணணும்? காசு கட்டணுமா?

ஜாவாவில் எழுதவும் ஓட்டவும் வேண்டிய கருவிகளைக் கட்டாகத் தரும் ஜேடிகே என்ற ஒன்று போதும், காசு வேண்டாம். ஓப்பன்ஜேடிகே இலவசம். அதை எளிதாக நிறுவும்படி கட்டித் தருகிறவர்களில் எக்லிப்ஸ் டெமுரின் எனக்குப் பிடித்தது. பதிப்பு எண்ணில் 17, 21, 25 ஆகிய மூன்றும் நீண்ட காலம் பராமரிக்கப்படுபவை. கல்லூரி லேபில் எது இருக்கிறதோ அதையே வீட்டிலும் போடுங்கள். ஏன் என்பது கடைசிக் கேள்வியில் தெரியும்.

ஜாவா ரன்டைம் என்று தனியாகக் கிடைப்பதை இறக்கிவிட்டு வராதீர்கள். அது பிறர் எழுதியதை ஓட்ட மட்டும்தான். எழுதியதை மொழிமாற்றித் தரும் கம்பைலர் அதில் இருக்காது.

லேப்டாப் இல்லக்கா, போன்தான் இருக்கு. நடக்குமா?

நடக்கும். ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் என்ற செயலிக்குள் ஓப்பன்ஜேடிகேயை நிறுவிக்கொள்ளலாம். கட்டளைகள் எல்லாம் கணினியில் இருப்பதுபோலவே. சின்னத் திரையில் அடைப்புக்குறி தேடி அடிப்பது கை வலிக்கிற வேலை. பழைய புளூடூத் கீபோர்டு ஒன்று கிடைத்தால் பாதிக் கஷ்டம் தீரும். லேப்டாப் வாங்கும்வரை காத்திருக்காதீர்கள்.

நோட்பேடுலதான் அடிக்கணுமா? எக்லிப்ஸ், இன்டெல்லிஜேன்னு எவ்வளவோ இருக்கே?

முதல் பத்துப் புரோகிராம் வரைக்கும் நோட்பேடும், கட்டளைகளை அடித்துக் கொடுக்கும் கமாண்ட் பிராம்ப்ட் என்ற ஜன்னலும் போதும் என்று பிடிவாதமாகவே சொல்வேன். எக்லிப்ஸ் போன்ற, எழுதவும் ஓட்டவும் சேர்த்தே வசதி தரும் கருவியில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஓடிவிடும். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இரண்டு வேலைகள் நடக்கின்றன, அவற்றைக் கையால் செய்தவருக்குத்தான் பிறகு எங்கே சிக்கியது என்று தெரியும். பத்து முடிந்ததும் தாராளமாகப் போங்கள். பெரிய வேலைக்கு அந்தக் கருவிகள் இல்லாமல் முடியாது.

முதல் புரோகிராம் எப்படி இருக்கும்? ஒவ்வொரு வார்த்தையா சொல்லுங்க.

பப்ளிக் கிளாஸ் வணக்கம் {
    பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்ட் மெயின்(ஸ்டிரிங்[] ஆர்க்ஸ்) {
        சிஸ்டம்.அவுட்.பிரிண்ட்எல்என்("நாகர்கோவிலிலிருந்து வணக்கம்");
    }
}

கிளாஸ் என்பது ஜாவாவில் எல்லாவற்றையும் போட்டுவைக்கும் கூடு. அதன் பெயர் வணக்கம். இந்தப் பெயரை மட்டும் இப்போதைக்கு ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள், ஃபைல் பெயரும் அதுவேதான் இருக்க வேண்டும். மெயின் என்பது ஜாவா தேடி வருகிற வாசல்: ஓட்டம் அங்கே தொடங்கும். வாய்ட் என்றால் வேலை முடிந்து எதையும் திருப்பித் தராது. ஸ்டிரிங் என்றால் எழுத்துகளின் தொடர். ஆர்க்ஸ் என்பது ஓட்டும்போது பக்கத்தில் அடித்துக் கொடுக்கும் சொற்களை வாங்கும் பை. சிஸ்டம்.அவுட்.பிரிண்ட்எல்என் என்பது அடைப்புக்குள் இருப்பதைத் திரையில் காட்டும். பப்ளிக் என்றால் வெளியிலிருந்து கூப்பிடலாம். ஸ்டாட்டிக்குக்குத் தனியாகக் கேள்வி வருகிறது.

எழுத்தில் கவனம் வேண்டும். ஸ்டிரிங், சிஸ்டம் இரண்டுக்கும் முதலெழுத்து பெரியது. மெயின், அவுட், பப்ளிக் எல்லாம் சின்ன எழுத்து. பிரிண்டுக்குப் பின்னால் வருவது எல், என் ஆகிய இரண்டு சின்ன எழுத்துகள், லைன் என்பதன் சுருக்கம். அச்சில் அந்த எல், பெரிய ஐ மாதிரித் தெரிவதால் ஐ என்று அடித்துவிட்டு அரை மணிநேரம் தேடியவர்கள் நிறைய. நான் கல்லூரியில் படிக்கும்போது ஸ்டிரிங்கைச் சின்ன எழுத்தில் தொடங்கிவிட்டு ஒரு லேப் வகுப்பு முழுக்கத் தவித்தேன். சொல்லித்தர அன்று யாருமில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

அடிச்சு முடிச்சாச்சு. இனி ஓட வைக்கது எப்படி?

ஃபைலை வணக்கம்.ஜாவா என்று சேமியுங்கள். கமாண்ட் பிராம்ப்டில் அந்த ஃபோல்டருக்குப் போய், முதலில் "ஜாவாசி வணக்கம்.ஜாவா", அது முடிந்ததும் "ஜாவா வணக்கம்". முதல் கட்டளை ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்தால் சரியாக நடந்தது என்று அர்த்தம். ஒன்றும் வரவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

ரப்பர் வெட்டுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவேன். நீங்கள் அடித்த ஃபைல், மரத்திலிருந்து எடுத்த பால். அதை அப்படியே தூரத்துக்கு அனுப்ப முடியாது. ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் அடித்து ஷீட்டாக்குகிறோம் அல்லவா, அந்த வேலையை ஜாவாசி செய்கிறது. கிடைக்கிற ஷீட்தான் வணக்கம்.கிளாஸ் என்ற புதிய ஃபைல். அதற்குள் இருப்பது பைட்கோடு. ஷீட்டைக் குலசேகரத்திலும் விற்கலாம், கோட்டயத்திலும் விற்கலாம். பைட்கோடும் விண்டோஸ், லினக்ஸ், மேக் எதில் கொண்டுபோனாலும் ஓடும். ஏனென்றால் அந்தந்த ஊரில் அதை எடுத்து வேலை செய்ய ஜேவிஎம் என்ற தொழிற்சாலை இருக்கிறது. இரண்டாவது கட்டளை அந்தத் தொழிற்சாலையைத்தான் கூப்பிடுகிறது.

2018இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து "ஜாவா வணக்கம்.ஜாவா" என்று ஒரே கட்டளையிலும் ஓட்டலாம். அப்போதும் மொழிமாற்றம் நடக்கிறது, நினைவகத்துக்குள்ளேயே நடப்பதால் கிளாஸ் ஃபைல் கண்ணுக்குத் தெரியாது.

"ஜாவாசி இஸ் நாட் ரெகக்னைஸ்டு"ன்னு வருது. இன்ஸ்டால் ஆகலியா?

ஆகியிருக்கும். எங்கே இருக்கிறது என்று விண்டோஸுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். என்விரான்மென்ட் வேரியபிளில் பாத் என்ற இடத்தில், ஜேடிகேக்குள் இருக்கும் "பின்" என்ற பெயருள்ள ஃபோல்டரின் முகவரியைச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு திறந்திருக்கும் கமாண்ட் பிராம்ப்டை மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். பழைய ஜன்னலுக்குப் புது முகவரி தெரியாது. முக்கால்வாசிப் பேர் இந்தக் கடைசிப் படியில்தான் நிற்கிறார்கள்.

ஃபைல் பேரு சரியாத்தான் வச்சேன். ஃபைலே இல்லைங்குது.

நோட்பேடு உங்களுக்குத் தெரியாமல் கடைசியில் டெக்ஸ்ட் என்ற வாலை ஒட்டியிருக்கும். விண்டோஸ் அந்த வாலை மறைத்துக் காட்டுவதால் பார்ப்பதற்குச் சரியாக இருக்கும். கோப்புறையின் வியூ பகுதியில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். சேமிக்கும்போது பெயரை இரட்டை மேற்கோளுக்குள் அடித்தால் வால் ஒட்டாது.

"குட் நாட் ஃபைண்ட் ஆர் லோட் மெயின் கிளாஸ்" என்று வந்தால் அது வேறு. ஓட்டும் கட்டளையில் கிளாஸின் பெயரை மட்டும் அடிக்க வேண்டும், பின்னால் .கிளாஸ் போடக் கூடாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்தும் பொருந்த வேண்டும்.

ஒரே ஒரு தப்புக்கு இருவது எரர் காட்டுது. எங்க இருந்து தொடங்கணும்?

முதல் எரரிலிருந்து. அதை மட்டும் திருத்திவிட்டு மறுபடியும் ஜாவாசி கொடுங்கள். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் கம்பைலருக்கு அதற்குப் பிறகு வருவதெல்லாம் குழப்பமாகத் தெரியும், அந்தக் குழப்பத்தையெல்லாம் தனித்தனி எரராகச் சொல்லும். முதலாவதைத் திருத்தினால் மீதி பெரும்பாலும் தானாகப் போய்விடும்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். எரர் வந்ததும் பிள்ளைகள் செய்கிற முதல் காரியம் திரையைச் சுருட்டி மேலே தள்ளிவிட்டு, தாங்கள் அடித்ததை வெறித்துப் பார்ப்பது. எரரில் ஃபைல் பெயர் இருக்கிறது, வரி எண் இருக்கிறது, என்ன எதிர்பார்த்தேன் என்ற வாசகம் இருக்கிறது, அந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு கூரைக் குறியும் போட்டுக் காட்டுகிறது. இவ்வளவு விவரமாக எழுதி வந்த கடிதத்தைப் பிரிக்காமல் போடுவது எனக்கு மனசுக்குப் பொறுக்காது. வாய்விட்டுப் படியுங்கள். "எக்ஸ்பெக்டட்" என்றால் அந்த இடத்தில் குறிப்பிட்ட குறி இல்லை. "கேன்நாட் ஃபைண்ட் சிம்பல்" என்றால் அந்தப் பெயரை அதற்குத் தெரியாது, பெரும்பாலும் எழுத்துப்பிழை. "ரீச்டு எண்ட் ஆஃப் ஃபைல்" என்றால் மூடும் அடைப்பு ஒன்று குறைகிறது. அப்போது மட்டும் வரி எண்ணை நம்ப வேண்டாம். கடைசி வரியைக் காட்டும், விட்டது நடுவில் இருக்கும்.

கூட்டுக்காரி அனுப்பினதை அப்படியே காப்பி பண்ணினேன். அவளுக்கு ஓடுது, எனக்கு "இல்லீகல் கேரக்டர்"!

மேற்கோள் குறியைப் பாருங்கள். வேர்டு போன்றவையும் சில போன் கீபோர்டுகளும் நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக மாற்றிவிடும். கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஜாவாவுக்கு அது வேறு எழுத்து. அழித்துவிட்டு நோட்பேடில் புதிதாக அடித்தால் சரியாகும். முதல் மாதம் எதையும் காப்பி செய்யாமல் கையால் அடியுங்கள். தப்பு வரும், வந்தால்தான் முந்தைய பதிலில் சொன்ன எரர் படிக்கும் பழக்கம் வரும்.

கிளாஸ்னா என்ன, ஆப்ஜெக்ட்னா என்ன? புத்தகத்துல கார் படம் போட்டிருக்கு, ஒண்ணும் மண்டையில ஏறல்ல.

காரை விடுங்கள். மார்த்தாண்டம் சந்தையில் வாழைக்குலை எடுக்கும் வியாபாரியின் நோட்டைப் பாருங்கள். மேலே தலைப்புக் கோடு போட்டிருப்பார்: வகை, எடை, கிலோ விலை. அந்தத் தலைப்புக் கோடுதான் கிளாஸ். கீழே ஒவ்வொரு வரியிலும் உண்மையான ஒரு குலை இருக்கும்: நேந்திரன் பன்னிரண்டரை கிலோ, செந்துளுவன் பதினைந்து கிலோ, மட்டி ஆறு கிலோ. ஒவ்வொரு வரியும் ஒரு ஆப்ஜெக்ட். தலைப்புக் கோட்டைத் தராசில் வைக்க முடியாது, குலையைத்தான் வைக்க முடியும்.

கிளாஸ் குலை {
    ஸ்டிரிங் வகை;
    டபுள் எடை;
    டபுள் கிலோவிலை;

    டபுள் மொத்தம்() {
        ரிட்டர்ன் எடை * கிலோவிலை;
    }
}

மெயினுக்குள் இப்படி:

குலை முதல்குலை = நியூ குலை();
முதல்குலை.வகை = "நேந்திரன்";
முதல்குலை.எடை = 12.5;
முதல்குலை.கிலோவிலை = 48;
சிஸ்டம்.அவுட்.பிரிண்ட்எல்என்(முதல்குலை.மொத்தம்());

டபுள் என்றால் புள்ளி வைத்த எண். ஓட்டினால் 600.0 என்று வரும். நியூ என்ற சொல்தான் நோட்டில் புது வரி தொடங்குகிறது. மொத்தம் என்பது மெத்தட், அதாவது ஆப்ஜெக்ட் செய்யும் வேலை. நோட்டு வெறும் தாள், கணக்கை வியாபாரிதான் போட வேண்டும். ஜாவாவில் குலைக்கே தன் விலை தெரியும். தகவலும் அதை வைத்துச் செய்யும் வேலையும் ஒரே இடத்தில் இருக்கின்றன, ஆப்ஜெக்ட் சார்ந்தது என்று சொல்வதன் சாரம் அதுதான்.

அப்ப கன்ஸ்ட்ரக்டர் எதுக்காக்கும்? அது இல்லாமலே ஓடுதே.

நியூ போடும்போது ஆப்ஜெக்டைத் தயார்செய்யும் பகுதிதான் கன்ஸ்ட்ரக்டர். மேலே உள்ளதில் எடையைக் கொடுக்க மறந்துபாருங்கள். எரர் வராது. எடை 0.0 என்று இருந்து, மொத்தமும் 0.0 என்று வரும். எடை போடாத குலையை நோட்டில் ஏற்றியதற்குச் சமம். கிளாஸின் பெயரிலேயே, வகை, எடை, விலை மூன்றையும் கேட்டு வாங்கும் கன்ஸ்ட்ரக்டரை எழுதிவிட்டால், மூன்றும் கொடுக்காமல் யாரும் நியூ போட முடியாது. ஓட்டும்போது தப்பாக வரவேண்டிய கணக்கை ஜாவாசியே முன்கூட்டித் தடுத்துவிடும்.

எழுதிய பிறகு பழைய "நியூ குலை()" வரியில் எரர் வரும். நீங்கள் கன்ஸ்ட்ரக்டர் எழுதாதவரை ஜாவா தானாக ஒரு வெறும் கன்ஸ்ட்ரக்டரைத் தரும். நீங்கள் எழுதியதும் அந்த வெறும் கன்ஸ்ட்ரக்டரைத் தருவதை நிறுத்திவிடும்.

மெயின் மட்டும் ஏன் ஸ்டாட்டிக்?

எடை ஒவ்வொரு குலைக்கும் வேறு, அது ஆப்ஜெக்டுக்குச் சொந்தம். நோட்டின் முகப்பில் எழுதிய கடைப் பெயர் எந்தக் குலைக்கும் சொந்தமில்லை, நோட்டுக்கே பொது. அந்தப் பொதுவானதுதான் ஸ்டாட்டிக். மெயின் தொடங்கும்போது ஒரு ஆப்ஜெக்ட்கூடப் பிறந்திருக்காது. ஆப்ஜெக்ட் இல்லாமலே கூப்பிட முடிய வேண்டும் என்பதால் அது ஸ்டாட்டிக்.

"நான்-ஸ்டாட்டிக்... ஸ்டாட்டிக் கான்டெக்ஸ்ட்" என்று தொடங்கித் திட்டும் எரரும் இதனால்தான். எந்தக் குலை என்று சொல்லாமல் மெயினுக்குள்ளிருந்து நேராக மொத்தம் கேட்டால், எந்தக் குலையின் மொத்தம் என்று அது திருப்பிக் கேட்கிறது. எரர் போகட்டும் என்று எல்லாவற்றுக்கும் ஸ்டாட்டிக் போடாதீர்கள். போட்டால் எல்லாக் குலைக்கும் ஒரே எடை ஆகிவிடும்.

யூடியூப்ல "வாய்ட் மெயின்" மட்டும் போதும், கிளாஸே வேண்டாம்ங்காங்க. எது சரி?

இரண்டும் சரி, பதிப்பு வேறு. 2025 செப்டம்பரில் வந்த 25ஆம் பதிப்பிலிருந்து, சின்னப் புரோகிராமுக்குக் கிளாஸ் வரியும் ஸ்டாட்டிக்கும் இல்லாமலே மெயின் எழுதலாம். கிளாஸை ஜாவாவே பின்னால் கட்டிக்கொள்ளும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது பெரிய ஆறுதல், வரவேற்கிறேன். ஆனால் பரீட்சைத்தாளிலும் பழைய பதிப்பு உள்ள லேபிலும் முழு வடிவம்தான் செல்லும், அதனால் இரண்டும் தெரிந்திருக்கட்டும்.

ஒரு குலையை மாத்தினா இன்னொண்ணும் மாறிருது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு.

"குலை இரண்டாவது = முதல்குலை" என்று எழுதியிருப்பீர்கள். அங்கே நியூ இல்லை, ஆகவே புதுக் குலையும் இல்லை. ஒரே ஆளை வீட்டில் சித்தப்பா என்றும் கடையில் அண்ணாச்சி என்றும் கூப்பிடுகிறோம். அண்ணாச்சிக்கு முடி வெட்டினால் சித்தப்பாவுக்கும் வெட்டியாகிவிட்டது. ஆப்ஜெக்டின் பெயர் என்பது அதைக் காட்டும் கைதான், ஆப்ஜெக்டே அல்ல. உண்மையாகவே இரண்டாவது குலை வேண்டுமானால் இன்னொரு நியூ போட வேண்டும்.

எந்த ஆப்ஜெக்டையும் காட்டாத பெயர் நல். இல்லாத குலையின் எடையைக் கேட்டால் நல்பாயிண்டர்எக்ஸப்ஷன் வரும். புதிய பதிப்புகளில் எது நல் என்பதையும் அதே வரியில் சொல்லிவிடுகிறது.

ரெண்டு பேரும் "மட்டி"ன்னுதான் அடிச்சோம். == போட்டா ஃபால்ஸ்ங்குது!

சித்தப்பா பதிலை மறுபடி பாருங்கள். ஆப்ஜெக்டுகளுக்கு நடுவே == போட்டால், இரண்டு பெயரும் ஒரே ஆளைக் காட்டுகின்றனவா என்றுதான் பார்க்கும். ஸ்டிரிங்கும் ஒரு ஆப்ஜெக்ட். கீபோர்டிலிருந்து வாங்கிய மட்டியும் நீங்கள் புரோகிராமில் எழுதிய மட்டியும் எழுத்தில் ஒன்று, ஆளில் வேறு. எழுத்தை ஒப்பிட ஈக்குவல்ஸ் என்ற மெத்தடைக் கூப்பிட வேண்டும்.

சில நேரம் == போட்டாலும் ட்ரூ வரும், அதுதான் ஆபத்து. புரோகிராமில் நேராக எழுதிய ஒரே மாதிரியான ஸ்டிரிங்குகளை ஜாவா ஒரே ஆப்ஜெக்டாகப் பகிர்ந்துகொள்ளும். அதைப் பார்த்து == சரிதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

10ஐ 4ஆல வகுத்தா 2ங்குது. கணக்கு தெரியாதா இதுக்கு?

இரண்டு பக்கமும் முழு எண் என்றால் விடையும் முழு எண்தான், மீதியை வெட்டிவிடும். 10.0 என்று எழுதினால் 2.5 வரும்.

தமிழ்ல பேரு வைக்கலாம்னு சொன்னீங்க. எனக்குக் கட்டம் கட்டமாத் தெரியுது.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடை ஜாவா ஏற்றுக்கொள்ளும், சிக்கல் வழியில்தான். ஃபைலை யுடிஎஃப்-8 என்ற என்கோடிங்கில், அதாவது எழுத்தைச் சேமிக்கும் முறையில், சேமியுங்கள். 2022இல் வந்த 18ஆம் பதிப்பிலிருந்து ஜாவா அதையே இயல்பாக எடுத்துக்கொள்கிறது. அதற்கு முந்தையதென்றால் ஜாவாசிக்கு என்கோடிங்கைச் சொல்ல வேண்டும். பழைய கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல் தமிழை ஒழுங்காகக் காட்டாது, விண்டோஸ் டெர்மினலில் திறந்து 65001 என்ற குறிப்பக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள். இந்தத் தொல்லைக்காகத்தான் ஃபைல் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைக்கச் சொன்னேன். விளவங்கோடு பக்கத்துப் பிள்ளை ஒருத்தி மலையாளத்திலும் பெயர் வைத்து ஓட்டிக் காட்டினாள், அதுவும் நடக்கிறது.

"நாகர்கோவில்" என்பதன் நீளத்தைக் கேட்டால் 6 வராது, 11 வரும். நமக்கு நா ஓரெழுத்து. யூனிகோடில் ந ஒன்று, கால் ஒன்று. புள்ளியும் தனி. எழுத்தெண்ணும் புரோகிராம் எழுதுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: தமிழ் இலக்கத்தில் "௧௨" என்று எழுதிய ஸ்டிரிங்கை, எழுத்தை எண்ணாக மாற்றும் இன்டீஜர்.பார்ஸ்இன்ட் என்ற மெத்தடிடம் கொடுத்தால் 12 என்று சரியாக வாசித்துத் தரும்.

வீட்டுல நல்லா ஓடுச்சு. கிளாஸ் ஃபைலைப் பென்டிரைவுல கொண்டுபோனா லேப்ல "அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்". எங்க கொண்டுபோனாலும் ஓடும்னு சொன்னீங்களே?

சொன்னேன், ஒரு நிபந்தனையைப் பாக்கி வைத்தேன். ஒவ்வொரு கிளாஸ் ஃபைலிலும் அது எந்தப் பதிப்புக்கு அடித்த ஷீட் என்ற முத்திரை இருக்கும். 8க்கு 52, 11க்கு 55, 17க்கு 61, 21க்கு 65, 25க்கு 69. புதிய ஜேவிஎம் பழைய முத்திரையை எடுத்துக்கொள்ளும், பழைய ஜேவிஎம் புதிய முத்திரையைத் தொடாது. எரரிலேயே இரண்டு எண்கள் இருக்கும்: 65 என்றும், 61 வரைதான் தெரியும் என்றும் வந்தால், வீட்டில் 21, லேபில் 17.

மூலஃபைலைக் கொண்டுபோய் அங்கேயே ஜாவாசி கொடுப்பது எளிய வழி. கிளாஸ் ஃபைல்தான் வேண்டுமென்றால் வீட்டில் ஜாவாசிக்குப் பின்னால் இரண்டு கோடு போட்டு ரிலீஸ் 17 என்று சேர்த்து, பிறகு ஃபைல் பெயரை அடியுங்கள். லேபில் ஓடும்.